உதைக்காத துப்பாக்கி

"தோள் வலிக்குதா?"

"இல்லையே."

"துணி மடிக்கும்போது முகத்தைச் சுளிச்சியே."

"தூசிங்க."

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், அமலா வீட்டின் சமையலறை வாசலில் ஓராண்டுக்கு முன் நடந்த பேச்சு அது. கணவர் ரமணன் பிறகு கேட்கவில்லை; அமலாவும் சொல்லவில்லை.

"என் வலியப் பத்தி வீட்டுல பேசினது அவ்வளவுதான் மேடம்," என்றாள் அமலா. "டாக்டரைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, அந்த வலிக்கு யாரோ மருந்து செஞ்சு வச்சிருக்காங்க."

ஜாலான் புசார் சாலையில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளை விசாரித்தே தலை நரைத்த சாமுண்டீஸ்வரி, ஓய்வு பெற்ற பிறகு இங்கே துப்பறிவாளராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரபாகர். டாக்சி ஓட்டியதை விட்டுவிட்டு அவருக்கு உதவியாளராக வந்தவர். பாதி கேட்பதற்குள் குற்றவாளியைச் சொல்லிவிடும் அவசரக்காரர்.

அமலா உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. வாரந்தோறும் சுடுதல் கழகத்துக்குப் போய் ரைஃபிள் சுடுபவள். சென்ற ஆண்டு மழையில் மேம்பாலப் படியில் வழுக்கி விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைத்த உதை, சரியாக அந்த இடத்தில்தான் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை ட்ரிகர அழுத்தினேன். சத்தம் அதேதான். உதை மட்டும் வரல மேடம். யாரோ நடுவுல கை வச்சுத் தாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. சுடப் படுத்தவ அப்படியே கிடந்தேன். அடுத்த குண்டு போடப் பயம். போட்டா அது மறைஞ்சிடுமோன்னு."

துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். தோளில் பதியும் பின்கட்டை அவளுடையதுதான். அதே மரம், அதே பழைய கீறல். ஆனால் அதன் நுனியில் மெல்லிய கோடாக ஓர் இடைவெளி. உள்ளங்கையால் அழுத்தினால் கட்டை உள்ளே அமுங்கி, மெதுவாக வெளியே வந்தது.

"உதையைக் குறைக்கிற ஸ்டாக். உள்ள ஸ்பிரிங் இருக்கும். தப்பில்லக்கா, போட்டியிலயே வச்சுக்கலாமாம்," என்றார் பிரபாகர், கைப்பேசியைப் பார்த்தபடி.

"வச்சுக்கலாம். ஆனா செஞ்சது யாருன்னு சொல்லணும்," என்றாள் அமலா. "நாளைக்கு அணிக்கு ஆள் எடுக்குறாங்க. என் வயசுக்கு இதுதான் கடைசி. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பேர் சொல்லலன்னா துப்பாக்கியை வெளிய எடுக்க விடமாட்டாங்க."

"யார் தொட்டிருக்க முடியும்?"

"சாவி அதீஃப்கிட்ட. ஆயுத அறையைப் பாத்துக்குறவர். கேட்டா தரையைப் பாத்துக்கிட்டு 'தெரியாதுக்கா'ங்குறாரு. அப்புறம் ரோஷினி. அவளும் நானும் ஒரே இடத்துக்குப் போட்டி. அவ அண்ணன் மரச்சாமான் கடை வச்சிருக்காரு."

பிரபாகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமுண்டீஸ்வரி அவரைக் கண்ணாலேயே அடக்கினார்.

"கட்டை உங்களுக்குப் பொருந்துதா?"

"அதான் வேடிக்கை. ஞாயித்துக்கிழமை, சுடும்போது மேல போடுற ஜாக்கெட்டோட ஜிப் கெட்டுப்போச்சு. டி-சட்டையோட சுட்டேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. நேத்து ஜிப்பச் சரிபண்ணி ஜாக்கெட் போட்டுப் பாத்தா நீளம் ஒரு விரல் ஜாஸ்தி." கழக லாக்கரிலிருந்து எடுத்து வந்த தோல் ஜாக்கெட்டை அவள் மேசைமேல் வைத்தாள். சாமுண்டீஸ்வரி அதன் தோள்பகுதியை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார். கனமான மெத்தை வைத்துத் தைத்தது.

"வீட்டுல எல்லாரும் சுகமா?"

"இருக்கோம். அவரு துவாஸ் தொழிற்பேட்டையில லாரி டிரைவர் சீட் செய்யுற கம்பெனியில வேலை. மே மாசம் கர்ட்டன் கம்பி வாங்கிட்டு வந்து, 'தோள்ல முட்டுக் கொடுத்துப் பிடி, அளவு பாக்கணும்'னாரு. மாடு மாதிரி நின்னேன். இன்னிக்கு வரைக்கும் மாட்டல. ஜூன் லீவுல பள்ளிக்கூடப் பிள்ளைங்கள கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டுப் போன வாரம் வந்து பாத்தா என் தைலம் காலி. ஆபீஸ்ல அவருக்குக் கழுத்து வலியாம்."

"நீங்க சுடுறதப் பாக்க வருவாரா?"

அமலா ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தாள். "பலூன் வெடிச்சாலே காதைப் பொத்திக்குற மனுஷன். வாங்கன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். கல்யாணம் ஆன நாள்லேருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கு. கேட்டதில்ல."

சாமுண்டீஸ்வரி எழுந்தார். "பிரபாகர், மூணு பேரையும் மதியம் வரச் சொல்லுங்க."

மதியம் அந்த அறையில் நாற்காலி போதவில்லை. ரோஷினி சன்னல் திட்டில் உட்கார்ந்தாள். அதீஃப் கதவோரம் நின்றார். கடைசியாக வந்த ரமணனை, "வாங்க சார், வாங்க," என்று பிரபாகர் வலத்தோளில் தட்டி வரவேற்றார். ரமணனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு தேநீர்க் குவளையை இடக்கையால் வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நான் சொல்லிடுறேன்," என்றார் பிரபாகர். "மரக்கடை. போட்டியாளர். அமலாவ மாட்டிவிட—"

"எனக்கு இவ்வளவு நல்லா செய்யத் தெரிஞ்சா என் துப்பாக்கிக்குச் செஞ்சிருப்பேன் லா," என்றாள் ரோஷினி. "இவளுக்கா செஞ்சு கொடுப்பேன்?"

அதீஃப் சிரிப்பை அடக்கினார்.

"ரோஷினி சொல்றது சரி," என்றார் சாமுண்டீஸ்வரி. "இது கெடுக்க வந்த கை இல்ல. கழகத்துல அமலா ஜாக்கெட் இல்லாமச் சுடுறதப் பாத்தவங்க ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி யாருமே இல்ல. அங்க இருக்குறவங்க அளவெடுத்திருந்தா ஜாக்கெட்டையும் சேத்துத்தான் எடுத்திருப்பாங்க. இந்தக் கட்டை வீட்டு உடுப்புல நிக்கிற அமலாவுக்கு அளவெடுத்தது. வீட்டுல அமலா எதைத் தோள்ல முட்டுக் கொடுத்து நின்னாங்க?"

அமலாவின் வாய் லேசாகத் திறந்தது. "கர்ட்டன் கம்பி," என்றாள்.

யாரும் ரமணனைப் பார்க்கவில்லை. ரமணன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி சீட்டுக்கு அடியில குலுக்கலைத் தாங்குற வேலை தெரிஞ்சவருக்கு ஸ்பிரிங் வைக்கிறது பெரிசில்ல," என்று சாமுண்டீஸ்வரி தொடர்ந்தார். "ஆனா எவ்வளவு இறுக்கமா வைக்கணும்? யாராவது சுட்டுப் பாத்தாத்தான் தெரியும். அதீஃப், விருந்தாளிங்க உங்க மேற்பார்வையில சுடலாம் இல்லையா?"

அதீஃப் பெருமூச்சு விட்டார். "ரமணன் அண்ணன் தானே அக்காகிட்ட சொல்றேன்னாரு மேடம். அதான் வாயைத் திறக்கல. அக்கா கேம்ப்புக்குப் போயிருந்தப்ப வந்து அக்கா துப்பாக்கிக் கட்டையக் கழட்டி வாங்கிட்டுப் போய், ஸ்பிரிங் வச்சு எடுத்துட்டு வந்தாரு. இந்தக் கட்டையக் கழகத்துப் பயிற்சித் துப்பாக்கியில மாட்டிக் கொடுத்தேன். சுடுவாரு, எழுந்து ஸ்பிரிங்க மாத்துவாரு, திரும்பப் படுப்பாரு. காதுக்கு மூடி போட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ண இறுக்கி மூடிக்குவாரு. நடுங்குவாரு. போதும்ணேன்னு சொன்னேன். 'இன்னும் கொஞ்சம் வலிக்குது'ன்னுட்டுத் திரும்பப் படுத்தாரு."

கீழே கடையில் யாரோ இரும்புச் சங்கிலியை இழுக்கும் ஓசை கேட்டது. ரோஷினி சன்னல் திட்டிலிருந்து இறங்கி நின்றாள்.

அமலா எழுந்து கணவர் அருகில் போனாள். சட்டைக் காலரை ஒரு விரலால் விலக்கினாள். காறை எலும்புக்குக் கீழே, அவளுக்கு வலிக்கும் அதே இடத்தில், மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த அடிகள். வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் மனிதர் தானாகப் போய் வாங்கிக்கொண்டவை. அவள் தோளுக்கு வரவேண்டியதை எல்லாம் தன் தோளில் வாங்கி, மிச்சம் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகே அவளிடம் அனுப்பியிருக்கிறார். அமலாவுக்குத் தொடப் பயமாக இருந்தது. கோயிலில் கருவறைத் திரை விலகும்போது வரும் பயம் போல.

"ஏங்க சொல்லல?"

"நீ வலிக்கலன்னியே," என்றார் ரமணன். "வலிக்காததுக்கு மருந்து கொடுத்தா கோச்சுக்குவ. சொல்லணும்னுதான் தினமும் நினைச்சேன்."

"நீளம் ஒரு விரல் ஜாஸ்தி."

"அப்படியா?" அவர் உண்மையாகவே வருந்தினார். "மேசைமேல கிடக்குற ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டுத்தான் நீ சுடுவன்னு எனக்குத் தெரியாதே. நீ சுடுறத நான் பாத்ததே இல்லையே."

"அத நான் குறைச்சுக் கொடுத்துடுறேன்," என்றார் அதீஃப். "ஆனா போட்டி நடத்துறவங்ககிட்டச் சொல்லப் பேரு வேணும்க்கா. யாருன்னு சொல்லட்டும்?"

"ரமணன்னு சொல்லுங்க," என்றாள் அமலா. "என் வீட்டுக்காரர்னு சொல்லுங்க."

அதீஃப் கைப்பேசியுடன் வெளியே போனார். பிரபாகர் எதையோ சொல்ல வாயெடுத்தார். சாமுண்டீஸ்வரி அவர் கையில் காலிக் குவளைகளைக் கொடுத்து அனுப்பினார்.

அமலா காலரைச் சரிசெய்து, சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். கை அங்கேயே நின்றது.

"வலிச்சுதுங்க," என்றாள். "ஒரு வருஷமா வலிச்சுது." பிறகு, இத்தனை ஆண்டுகளும் வாய்வரை வந்து திரும்பியதை மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு என்கூட வாங்க. காதைப் பொத்திக்கிட்டாவது என் பின்னாடி நில்லுங்க."