உடம்பில் ஒட்டும் சோறு

குமிழிக் கோளில் எல்லோரும் ஒவ்வொரு வேளையும் இரண்டு முறை சாப்பிட்டார்கள். முதலில் வயிற்றுக்கு, பிறகு உயிருக்கு. வயிற்றுக்கு, அந்த மண்ணில் தானாக விளையும் தேன்கிழங்கு. அவியலாக, அடையாக, கூழாக, தட்டு நிறைய வாங்கிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. உயிருக்கு, பூமியிலிருந்து கப்பலில் வந்த சத்துக்கட்டி. தீப்பெட்டி அளவு இருக்கும், சுண்ணாம்பு போல ருசிக்கும். அதற்கு வரிசையில் நின்று கைரேகை வைக்க வேண்டும்.

காரணம் எளியது. உயிருள்ளவற்றின் மூலக்கூறுகளுக்கு இடம் வலம் உண்டு. பூமியில் புல் முதல் யானை வரை சர்க்கரை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. புரதத்துக்கும் அப்படித் தனக்கென ஒரு பக்கம் உண்டு. குமிழியில் எல்லாம் மறுபக்கம், கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. நம் வயிற்றில் உணவை வெட்டித் துண்டுபோடும் நொதிகளோ வலக்கைக்குத் தைத்த உறைகள். இடக்கை அதில் நுழையாது. நாக்கை ஏமாற்றலாம், நொதியை ஏமாற்ற முடியாது. தேன்கிழங்கு தொண்டைவரை இனித்துவிட்டு, உள்ளே ஒரு துளியும் தங்காமல் போன வழி போய்விடும்.

இதில் மிகவும் நொந்துபோயிருந்தவர் குடியிருப்பின் தலைமைச் சமையல்காரர் சூசைமாணிக்கம். மனிதர் கைபட்டால் கல்லும் மணக்கும். ஆனால் அவர் கையால் தின்றவர்களெல்லாம் மெலிந்தார்கள். அவருடைய மகன் ரபேல்கூட மூன்று தட்டுக் கிழங்கு தின்றுவிட்டு, விலா எலும்பு தெரிய நடமாடினான். சமையல்காரன் வீட்டுப் பிள்ளை பஞ்சத்தில் அடிபட்டவன் போல இருந்தால் அவனைப் பெற்றவருக்கு எப்படி இருக்கும்? வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அடுத்த கப்பல் தள்ளிப்போகிறது என்று பூமி சொல்லிவிட்டது. கட்டி பாதியாகக் குறைந்தது.

உயிர்வேதியியல் ஆய்வாளர் மங்கையர்க்கரசிக்கு அது சவால். தோல்வி என்ற பேச்சே அவளிடம் கிடையாது. ஒருபுறம் பூமிக்கு விண்ணப்பம் எழுதினாள்: “இங்குள்ள உணவு இனிக்கிறது, வயிறு நிறைகிறது, ஆனால் எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. உதவுங்கள்.” மறுபுறம் சோதனைக்கூடத்தில் ஒரு நொதிக் கூட்டத்தை உருவாக்கினாள். அது மூலக்கூறின் ஒவ்வொரு மூட்டிலும் அணுவை ஒரு பக்கத்திலிருந்து கழற்றி மறுபக்கத்தில் மாட்டும். கையுறையை உள்வெளியாகப் புரட்டினால் இடது வலதாகிவிடும் அல்லவா, அதே வேலை.

முதல் சோதனைக்குத் தாமாக முன்வந்தவர் சூசைதான். நொதி கலந்த கூழை அவர் குடித்தார். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறியது.

“ஏறுது, சூசையண்ணே! கெழங்கு உங்க ரத்தத்துல ஏறுது!”

சூசை வாய்விட்டு அழுதார். “இத்தன வருசமா நான் சமைச்சதெல்லாம் வெறும் வேடிக்கை, டாக்டரம்மா. இன்னைக்குத்தான் சோறு ஆக்கியிருக்கேன். இதுக்குப் பேரு என்ன?”

“இன்னும் வைக்கல.”

“திருப்பின்னு வையுங்க. தோசை திருப்பி மாதிரி, புரட்டிப் போடுதில்ல?”

பெயர் நிலைத்துவிட்டது. நொதிப்புத் தொட்டியில் திருப்பி பெருகியது. ரபேலின் கன்னத்தில் சதை வந்தது.

அந்த நேரத்தில்தான், யாரும் எதிர்பாராமல், பூமியிலிருந்து ஒரு கப்பல் வந்து இறங்கியது. வந்தவர்கள் நிவாரணக் குழு அல்ல. வியாபாரிகள். தலைவி வர்ஷிதா, எடை குறைப்பு உணவு விற்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. வேட்டையாடப்படும் மான் போன்ற ஒல்லி. மங்கையர்க்கரசியின் விண்ணப்பம் எப்படியோ அவள் மேசைக்குப் போயிருக்கிறது.

“நீங்க எழுதினது உண்மையா மேடம்?” என்று கேட்டாள். “ஸ்வீட்டா இருக்கும், வயிறு ஃபுல்லாகும், ஆனா ஒட்டவே ஒட்டாதா? சத்தியமா?”

“சத்தியமாத்தான். அதனாலதான உதவி கேட்டோம்.”

“உதவியா? மேடம், பூமியில இதுக்கு மனுஷங்க அடிச்சுக்குவாங்க!”

குடியிருப்பின் தலைவர் மைதீன் பிச்சை நெல்லைக்காரர், நெளிவு சுளிவு தெரிந்தவர். கிழங்கை அனுப்பினால் தடையில்லாமல் கப்பல் வரும். கப்பலில் அரிசி, பருப்பு, மருந்து, எல்லாம் வரும். தொட்டி என்றாவது ஒருநாள் கெட்டுப்போனால் குடியிருப்பே பட்டினி கிடக்க வேண்டுமே என்று தூக்கமில்லாமல் கிடந்தவர் அவர். வர்ஷிதா கேட்டது ஒன்றே ஒன்று: அவளும் குழுவினரும் சில நாள் கிழங்கு மட்டுமே சாப்பிடுவார்கள். புறப்படும் அன்று எடை பார்ப்பார்கள். கூடாமல் இருந்தால் ஒப்பந்தம்.

“சூசை, நல்லாக் கேட்டுக்கிடும்,” என்றார் மைதீன். “அவங்க தட்டுல மட்டும் திருப்பி விழக்கூடாது. பொழைப்பே இதுலதான் இருக்கு.”

“சரிங்கய்யா.”

விருந்தினர்கள் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே! ஆண்டுக்கணக்கில் அளந்து அளந்து தின்ற மனிதர்கள். கிழங்கு அடையை மூன்று, நான்கு என்று கேட்டு வாங்கினார்கள். கூழைத் தூக்கிக் குடித்தார்கள். வர்ஷிதா ஒருநாள் தட்டை வழித்து நக்கிவிட்டு, கண் கலங்க, “அண்ணா, நான் வயிறார சாப்பிட்டு எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா?” என்றாள். சூசை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

புறப்படும் நாள் வந்தது. வர்ஷிதா எடைக்கருவியில் ஏறினாள். எண்ணைப் பார்த்தாள். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள்.

“நாலு கிலோ!” என்று அலறினாள். “நாலு கிலோ ஏறியிருக்கு! ஒட்டாதுன்னு சத்தியம் பண்ணீங்களே!”

குழுவில் ஒருவர் பாக்கியில்லை. எல்லோருக்கும் ஏறியிருந்தது. முகங்கள் பளபளவென்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, விஷம் வைக்கப்பட்டவர்களைப் போலக் கப்பலுக்கு ஓடினார்கள்.

மைதீன் நேரே சமையற்கூடத்துக்குப் போனார்.

“என்ன காரியம் வே பண்ணி வச்சிருக்கீரு? தலைதலையா அடிச்சுச் சொன்னேனே!”

சூசை மறைக்கவில்லை. “கலந்துதான் போட்டேன்யா. மொத நாள் கலக்காமத்தான் போட்டேன். அந்தப் புள்ள தின்ன வேகத்தப் பாத்தேன். பசிச்சு வந்தவளுக்கு ஒட்டாத சோத்தப் போட்டு அனுப்ப எனக்கு மனசு வரல. என்ன தண்டனை குடுத்தாலும் சரி.”

மைதீன் திட்டத்தான் வந்திருந்தார். ஆனால் அவர் வீட்டிலும் விருந்தாளிக்கு ஆறிய சோறு போட்டது கிடையாது. கடைசியில், “தொட்டிய மட்டும் கெடாமப் பாத்துக்கிடும்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மங்கையர்க்கரசி அன்றே இரண்டாவது தொட்டியை அமைக்கத் தொடங்கினாள். பிறகு மூன்றாவது. இனி கப்பல் இல்லை என்பது தெளிவானதும் குடியிருப்புக்கே ஒரு முறுக்கு வந்துவிட்டது. கட்டி தீர்ந்தது, யாரும் சாகவில்லை. எல்லோரும் ஒரே முறை சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வேலைக்குப் போனார்கள்.

மழைக்காலம் கழிந்து பூமியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. உணவுக் காப்பு ஆணையம் அண்டம் முழுவதற்கும் அனுப்பியது. மங்கையர்க்கரசி உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள்.

“அங்க பட்டினியா கெடக்கவங்க இன்னும் இருக்காங்களா, டாக்டரம்மா?” என்று நடுவில் சூசை கேட்டார்.

“கோடிக்கணக்குல இருக்காங்க அண்ணே.”

“அவங்களுக்கும் இதேதான் சொல்லியிருக்காங்களா?”

“எல்லாருக்கும் சேத்துத்தான்.”

சூசை அந்த அறிவிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரச் சொன்னார். தாமே ஏணி போட்டு ஏறி, உணவுக்கூடத்து வாசலுக்கு மேலே அதை ஆணியடித்து மாட்டினார். எந்தச் சமையல்காரனுக்கும் இப்படி ஒரு நற்சான்று கிடைத்ததில்லை என்று ரபேலிடம் பெருமையாகச் சொன்னார். இன்றும் அது அங்கே தொங்குகிறது:

“எச்சரிக்கை. குமிழிக் கோளில் பரிமாறப்படும் உணவு உடம்பில் ஒட்டும். மனிதர் உண்ணத் தகுந்ததல்ல.”