பார்க்காமல் எழுதிய பிரஷர்

தினமும் காலையில் மருந்தறையைத் திறந்ததும் சிஸ்டர் செய்கிற முதல் காரியம், பாதரசக் கருவியின் மூடியைத் திறந்து தன் இடது கையிலேயே பட்டையைச் சுற்றிக்கொள்வதுதான். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. பதினோரு வருஷமாக அவளுடைய பிரஷர் நூற்றுப் பத்துக்கு எழுபது. வீட்டில் சண்டை நடந்த மறுநாளும் அதேதான், காய்ச்சலோடு வந்த நாளும் அதேதான். கிரேன் யார்டில் எல்லோரும் 'கைராசி சிஸ்டர்' என்று கூப்பிடுகிற அவளுக்கு அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கு இருநூற்று ஆறில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

சிரிப்புதான் வந்தது. காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ஊதிப் பார்த்தாள், குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தடவினாள், பட்டையை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பாதரசம் மெதுவாக இறங்கியது. இருநூற்று ஆறில் டொக், டொக் என்று தொடங்கிய சத்தம், யாரோ மூடிய கதவை உள்ளேயிருந்து முட்டியால் இடிப்பது போல விடாமல் வந்து, நூற்று இருபத்தெட்டில்தான் அடங்கியது. தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. மூக்கில் மட்டும் ஒரு வாடை. தலைவலித் தைலத்தின் வாடை. மருந்தறையில் அந்தத் தைலம் இருந்த புட்டி காலியாகி மூன்று வாரம் ஆகிறது.

காலி செய்தது மெதுவண்ணன்தான். மூன்றாம் நம்பர் கிரேனின் ஆபரேட்டர். எவ்வளவு பெரிய இரும்புப் பாளமாக இருந்தாலும் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி இறக்குவார் என்பதால் வந்த பெயர். வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்த அன்று, பிடரியைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு நாளா இங்க ஒரே வலி சிஸ்டர்" என்றார். "தூக்கம் பத்தலண்ணே, தைலம் தேச்சுக்குங்க" என்று புட்டியைக் கொடுத்து அனுப்பினாள். ஐந்தாம் நாள், அறுபதடி உயரத்தில், கேபினுக்குள் உட்கார்ந்தபடியே அவர் தலை சாய்ந்துவிட்டது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவரைக் கீழே இறக்க மூன்று மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அவர் தூக்கிய பாளம் அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது.

ரெஜிஸ்டரில் அவருடைய பிரஷர் நூற்று இருபத்திரண்டுக்கு எண்பது. அடியில் அவருடைய கையெழுத்து. ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மலா இருந்திருக்கு, விதியை யார் என்ன பண்றது?" என்று மூடி வைத்துவிட்டார்கள்.

விதி ஒன்றும் இல்லை. அந்தப் பரிசோதனை ஷிப்ட் மாறுகிற அரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும், நாற்பத்திரண்டு பேர், அவள் ஒருத்தி. அதனால் முதல் நாள் சாயங்காலமே உட்கார்ந்து எல்லோருக்கும் பிரஷரை எழுதி வைத்துவிடுவாள். ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்திரண்டு, நூற்று இருபத்தாறு என்று மாற்றி மாற்றி. மறுநாள் வருகிறவர்களுக்குப் பட்டையைச் சுற்றி இரண்டு அமுக்கு அமுக்குவாள். ஸ்டெதாஸ்கோப் கழுத்தில் மாலை மாதிரி தொங்கும். காதுக்குப் போகாது. பதினோரு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் அவளுடைய கைராசி.

காரியம் முடிந்த பிறகு மெதுவண்ணனின் மனைவி மருந்தறைக்கு வந்து, "கடைசியா பார்த்தது நீங்கதானே சிஸ்டர்? நல்லாத்தானே இருந்தாரு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருந்தாரு" என்றாள் இவள்.

அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பா அது? ரம்பம் வைத்து அறுக்கிற மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற பெரியவர். "உங்களுக்கா? நீங்க எங்களுக்கெல்லாம் பார்த்துச் சொல்றவராச்சே!" என்று கிண்டல் செய்துகொண்டே தன் பையிலிருந்த வேறொரு கருவியை எடுத்துப் பார்த்தார். நூற்று முப்பத்து நாலுக்கு எண்பத்தாறு. "பாருங்க, இறங்கிடுச்சு. காலையில ஏதோ பதட்டம். ஒரு வாரம் குறிச்சுட்டு வாங்க."

அவளுக்கு நிம்மதி வரவில்லை. டாக்டர் குனிந்து காற்றை இறக்கியபோது சிகரெட் வாடை குப்பென்று அடித்தது. டாக்டருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. யார்டில் அப்படி நாறுகிறவர் ஒருத்தர்தான், புகைவண்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற கிரேன்காரர்.

டாக்டர் போனதும் ரெஜிஸ்டரை எடுத்துப் பிரித்தாள். பதினேழாம் எண் மெதுவண்ணன். பதினெட்டாம் எண் புகைவண்டி.

பத்தொன்பது, அவள் தம்பி.

மூடி வைத்தாள். மூடிய பிறகும் கையை அட்டை மேலிருந்து எடுக்கவில்லை. அன்று அவள் பார்க்காமல் அனுப்பிய கைகள், வரிசை தப்பாமல், ஒன்றன்பின் ஒன்றாக அவள் கைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. இப்படி ஒரு எண்ணம் வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குத் தம்பியே வந்தான், அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையோடு. வாயில் வழக்கமான புதினா மிட்டாய். அம்மா அப்பா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. அவள் சொல்லித்தான் யார்டில் வேலை கிடைத்தது. மூன்றாம் நம்பரில் அவனை ஏற்றி ஒரு வாரம் ஆகிறது.

"என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. உட்காருடா, பிரஷர் பார்த்துடறேன்."

"போன மாசம்தானே பார்த்த? நூத்திப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு. மனப்பாடமா வெச்சிருக்கேன்." கண்ணைக் கசக்கினான். "ரெண்டு நாளா கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்கு, அதுக்கு மட்டும் ஏதாவது சொட்டு மருந்து எடுத்து வை. சாயங்காலம் வந்து போட்டுக்கறேன்."

"இப்பவே பார்த்துடலாம்டா."

"சைரன் அடிச்சிடும்க்கா. எல்லாம் உன் கைராசி, ஒண்ணும் ஆகாது."

அன்னைக்கு நான் பார்க்கலடா. மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் உள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அவன் போய்விட்டான்.

சைரன் ஓய்ந்ததும் மூன்றாம் நம்பரின் உறுமல் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மருந்தறையின் தரையில், வெயிலில், கிரேனின் நிழல் நீண்டு வந்து மேஜைக் காலைத் தொட்டுவிட்டு விலகியது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் பட்டையைச் சுற்றினாள். பார்க்காமல் இருப்பதுதானே அவளுடைய தொழிலாக இருந்தது.

அமுக்கினாள். இருநூறு. இருநூற்று இருபது. பட்டை கையை நெரித்தது. இன்னும் ஏற்றி இறக்கியபோது இருநூற்று முப்பதில் சத்தம்.

வலது கை விரலால் தன் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே நிதானமாக ஒன்று. நிறுத்தி இன்னொன்று. காதில் அப்படி இல்லை. காதில் ஓட்டம். படி ஏறி வந்தவனின் துடிப்பு, அறுபதடி ஏணியில் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தவனுடையது. அவளுடையது இல்லை.

காற்றை முழுக்க இறக்கினாள். நிற்கவில்லை. பட்டையை அவிழ்த்து வீசினாள். நிற்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். யாரையும் தொடாத அந்த வட்டத் தகடு மரத்தின் மேல் டொக்டொக்டொக் என்று அடித்துக்கொண்டே கிடந்தது. அறை முழுக்கப் புதினா வாடை.

போனை எடுத்தாள். யார்டு சூப்பர்வைசர்.

"சார், என் தம்பியைக் கீழ இறக்கிடுங்க."

"ஏன் சிஸ்டர்? இப்பத்தானே சிரிச்சிட்டு ஏறினான்."

"அவனுக்கு... பிரஷர் ஜாஸ்தியா இருக்கும்னு தோணுது."

"ரெஜிஸ்டர்ல நார்மல்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? லோடு தூக்கிட்டான். சரி, காரணத்தை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, இறக்கிடறேன். மேல கேப்பாங்கல்ல?"

காரணம். பேனாவை எடுத்தாள். 'பரிசோதனையின்போது' என்று தொடங்கினாள். கிழித்தாள். அதை எழுதினால் மெதுவண்ணன் விஷயமும் வெளியே வரும். வேலை போகும், போலீஸ் வரும், அந்த அம்மாள் மறுபடி வந்து முகத்தைப் பார்ப்பாள். 'திடீர்க் காய்ச்சல் காரணமாக' என்று எழுதினாள். காய்ச்சல் என்றால் அளந்து பார்ப்பார்கள். கிழித்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொண்டு அவனையும் காப்பாற்றுகிற ஒரு வார்த்தைக்காகப் பத்து நிமிஷம் தேடினாள். பத்து நிமிஷம். என்ன மனுஷி இவள்!

கடைசியில் எழுதினாள்: 'நான் யாருக்கும் பிரஷர் பார்க்கவில்லை.'

எழுதி நிமிர்ந்தால், எதிர் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை மேஜை மேல் நீட்டியிருந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இறக்கிட்டாங்களா? நல்லவேளைடா! நல்லவேளை!" அழுதுகொண்டே பட்டையைச் சுற்றினாள். "அன்னைக்கு நான் பார்க்கலடா. பொய்யா எழுதினேன். உனக்கும் பொய்தான் எழுதினேன். மன்னிச்சிடுடா."

நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான். கை ஜில்லென்று இருந்தது.

ஸ்டெதாஸ்கோப்பை வாழ்க்கையில் இல்லாத கவனத்தோடு காதில் மாட்டினாள். அமுக்கினாள். இறக்கினாள்.

இருநூறு. சத்தமில்லை.

நூற்று ஐம்பது.

நூறு.

ஐம்பது.

பாதரசம் அடியில் போய் உட்கார்ந்தது. ஒன்றுமே இல்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடி. காதுக்குள் பாழுங்கிணற்றின் ஆழம் மாதிரி அமைதி. அப்போதுதான் தெரிந்தது, வெளியே உறுமலும் இல்லை. எப்போது நின்றதோ. ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் ஒரு இரும்புப் பாளம் அந்தரத்தில் ஆடியது. ஆட்கள் மூன்றாம் நம்பரைப் பார்த்து ஓடினார்கள். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் எடுக்கவில்லை. எதிரே இருந்த முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டை சுற்றிய கையை மட்டும் பார்த்தாள்.

அதன் பக்கத்தில் இன்னொரு கை வந்து படுத்தது. விரல் நுனிகளில் தைலம் மினுமினுத்தது.

அதற்குப் பக்கத்தில் ஒன்று. சிகரெட் கறையில் நகம் மஞ்சளாக.

சட்டைக் கை சுருட்டுகிற சத்தம், அறையிலும், தாழ்வாரத்திலும், படியிலும். நாற்பத்திரண்டு பேரில் யாரும் அவசரப்படவில்லை. மேஜையில் இடம் போதவில்லை. அடுத்த கை அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து, கன்னத்தை உரசிக்கொண்டு, மெதுவாக நீண்டு வந்தது.