பாதி மட்டும் வந்த திருத்தம்

கதவைத் தட்டி உள்ளே வந்த பெண், உட்காரச் சொன்ன பிறகும் உட்காரவில்லை. தோளில் மடிக்கணினிப் பை, கண்களில் தூக்கமில்லாத சிவப்பு.

"நாலு மணிக்கு மீட்டிங், சார். என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. சும்மா அனுப்பினாக்கூடப் பரவாயில்லை. பொய்க்காரின்னு சொல்லி அனுப்பப் போறாங்க. அப்புறம் இந்தத் தொழில்ல யாரு என்னைச் சேர்த்துக்குவாங்க?"

எல்லோராலும் 'நிதானம்' என்று அழைக்கப்படும் அந்தத் துப்பறிவாளர், தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். கணினி நிறுவனங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது அதே நிறுவனங்களில் நடக்கும் தில்லுமுல்லுகளைத் தோண்டுவதுதான் அவர் பிழைப்பு. உதவிக்கு மனைவியின் தம்பி. அவன் பட்டப்பெயர் பட்டாசு; திரி கிள்ளும் முன்பே வெடிக்கிற ரகம்.

"ஆளை மட்டும் காட்டுங்க, அள்ளிக்கிட்டு வந்துடறேன்" என்றான் பட்டாசு.

"மாப்ளே, முதல்ல நடந்ததைக் கேட்போம்."

அவள் சொன்னாள். அவளுடைய நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மூச்சுக் கருவி செய்கிறது. அந்தக் கருவியின் அடியாழத்தில், மற்ற எல்லா நிரலையும் தாங்கி நிற்பது கெர்னல். அதில்தான் அவளுக்கு வேலை. சோதனையில் கருவி திடீர் திடீரென்று உறைந்து நின்றது. உள்ளே இரண்டு வேலைகள், ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதன் பூட்டுக்காகக் காத்து நின்றுவிடுவதுதான் காரணம் என்று அவள் கண்டுபிடித்தாள். திருத்தினாள். 'சரி செய்யப்பட்டது' என்று பதிவு செய்து சோதனைக்குக் கொடுத்தாள். மறுநாள் காலையில் கருவி மறுபடியும் உறைந்தது. தலைமைப் பொறியாளர் அம்மையார் அவள் போல்டரைத் திறந்து பார்த்தார். திருத்தத்தையே காணோம்.

"நான் எழுதினேன் சார். சத்தியமா எழுதினேன்."

"எதுவுமே வரலையா?"

"ஒரே ஒரு வரி வந்திருக்கு. பூட்டு எப்ப விழுது, எப்ப திறக்குதுன்னு திரையில காட்டற வரி. அது வேற பைல். 'ஒப்புக்கு ஒரு வரி போட்டு எங்களை ஏமாத்தப் பாத்தியா'ன்னு மேடம் கேக்கறாங்க."

"அப்ப பாதி வந்திருக்கு" என்றார் நிதானம். "அந்த ரெண்டு பைலையும் எப்படித் திறந்தீங்க?"

அவள் யோசித்தாள். "முதல் பைலை நானே தேடித் திறந்தேன். அதுல ஒரு பங்ஷன் பேரு, அதாவது வேற இடத்துல எழுதின நிரல் துண்டோட பேரு இருந்துச்சு. அது மேல வெச்சு அழுத்தினேன், நிரல் எழுதற எடிட்டரே இன்னொரு பைலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. பூட்டை அங்கதான் திருத்தினேன்."

"எடிட்டர் பழசா?"

"கம்ப்யூட்டரே அன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு. எங்க டீம்ல இருக்கற தாடி அண்ணன்தான் எடிட்டரை அமைச்சுக் கொடுத்தாரு. நான் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் தயார். நாலு எழுத்து தட்டினா மிச்சத்தை அதுவே நீட்டுது. நல்ல மனுஷன் சார். எனக்காக மேடம்கிட்டயும் பேசினாரு."

நிதானம் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். அவர் எழுந்துவிட்டால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அது என்ன என்று பட்டாசு கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

நிறுவனத்தின் சோதனை அறையில் ஒரு மூச்சுக் கருவி, நோயாளிக்குப் பதிலாகக் கட்டியிருந்த ரப்பர் பையை ஊதி ஊதி இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோதனைக்காரர் கடுகடுவென்று நின்றார். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்பே ஒரு வாய்த்தகராறு என்று வரவேற்பறையிலேயே பட்டாசு மோப்பம் பிடித்து வந்திருந்தான்.

"அந்தம்மாவோட போல்டர்ல நீங்கதானே கை வெச்சீங்க?" என்று பாய்ந்தான்.

"கை வெக்காம எப்படிச் சோதிக்கறது? அன்னைக்குச் சாயங்காலம் நான்தான் அதை பில்ட் பண்ணினேன், எழுதின நிரலை மெஷின்ல ஓடற மாதிரி மாத்தினேன். புத்தம் புது போல்டர். அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட பில்ட் ஆகலை. முழுக் கெர்னலும் முதல்லேர்ந்து ஆகணும். சாப்பிட்டு வந்தும் முடியலை, உக்காந்து கொட்டாவி விட்டதுதான் மிச்சம்."

வெளியே வந்ததும் பட்டாசு குதித்தான். "அத்தான், இவன்தான்! பில்ட் பண்றப்ப அழிச்சிருக்கான்!"

"அழிக்கறவன் எதுக்கு ஒரு வரியை மட்டும் விட்டு வெக்கணும்?"

பட்டாசு நமத்துப்போனான்.

நாலு மணி. நீள மேசையைச் சுற்றித் தலைமைப் பொறியாளர் அம்மையார், சோதனைக்காரர், தாடிக்காரர், அந்தப் பெண். அம்மையாரின் முன்னால் கையெழுத்துக்குக் காத்திருந்தது வேலைநீக்கக் கடிதம்.

"பத்து நிமிஷம் தரேன்" என்றார் அம்மையார். "இந்த மெஷின் நின்னா ஒரு உசுரு நிக்கும். பொய் சொல்றவங்களை என்னால வெச்சுக்க முடியாது."

"நியாயம்தான்" என்றார் நிதானம். தாடிக்காரரைப் பார்த்தார். "உங்க கம்ப்யூட்டரைச் சுவர்ல காட்டுங்களேன். பூட்டு இருக்கற பைலைத் திறங்க."

"என்னுதா? எதுக்கு?" தாடிக்காரர் சிரிக்க முயன்றார். ஆனாலும் திறந்தார். சுவரில் வெள்ளை வெளிச்சத்தில் நிரல் விரிந்தது.

"இப்ப ரெண்டு கையையும் மேசை மேல வெச்சுக்குங்க. நீங்கம்மா, உங்க கம்ப்யூட்டர்ல அன்னைக்கு மாதிரியே பங்ஷன் பேரு மேல அழுத்தி அந்த பைலுக்குப் போங்க. மேல ஏதாவது ஒரு வரி எழுதி சேமிங்க."

அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். தட்டினாள். சேமித்தாள்.

சுவரில், தாடிக்காரரின் திரையில், அவர் கை படாமலேயே ஒரு வரி முளைத்தது: 'நான் பொய் சொல்லவில்லை.'

அம்மையார் எழுந்துவிட்டார். "இது எப்படி?"

"சாதாரண நிரல்னா எடிட்டர் தானாவே புரிஞ்சுக்கும்" என்றார் நிதானம். "கெர்னல் அப்படியில்லை. ஒரே பேர்ல பல பைல் இருக்கும். எந்தக் கருவிக்கு எது, எதை எதோட சேர்க்கணும்னு ஒரு பட்டியல் குடுத்தாத்தான் எடிட்டர் சரியா நீட்டும், சரியான இடத்துக்குத் தாவும். அந்தப் பட்டியலை எப்படி எடுப்பாங்க? கெர்னலை ஒரு தடவை முழுசா பில்ட் பண்ணி, அது விட்டுட்டுப் போற மிச்சத்துலேர்ந்து எடுப்பாங்க. இவங்க போல்டர் முதல்முதலா பில்ட் ஆனது சாயங்காலம். எடிட்டர் நீட்ட ஆரம்பிச்சது காலையில, டீ குடிக்கற நேரத்துல. இல்லாத பில்டுலேர்ந்து பட்டியல் எப்படி வரும்?"

"யாரோட பட்டியலையோ காப்பி அடிச்சிருக்காங்க!" என்று பட்டாசு வெடித்தான்.

"ஆமா மாப்ளே. அந்தப் பட்டியல்ல ஒவ்வொரு பைலுக்கும் முழு முகவரி இருக்கும். அது தாடிக்காரரோட போல்டர் முகவரி. எல்லா போல்டரும் ஒரே பொதுச் சேமிப்புல இருக்கு, இவர் தன்னோடதை மத்தவங்க எழுத முடியாதபடி பூட்டியும் வெக்கலை. கையால திறந்த பைல் இவங்களோடது, அதனால அந்த ஒரு வரி வந்துச்சு. எடிட்டர் கூட்டிட்டுப் போன பைல் இவரோடது. அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கறப்ப யாருக்கு வித்தியாசம் தெரியும்? திருத்தம் எழுதப்பட்டுச்சு மேடம். பக்கத்து வீட்டுச் சுவர்ல."

"அப்ப அந்தத் திருத்தம் எங்கே?" அம்மையாரின் குரல் இறங்கியிருந்தது.

எல்லோரும் தாடிக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது.

"மறுநாள் காலையில பாத்தேன்" என்றார் மென்று விழுங்கி. "நான் எழுதாத மாத்தம் என் பைல்ல இருந்துச்சு. ஏதோ தப்பா வந்திருக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன். மத்தியானம்தான் இவளைத் திட்டற சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது. போல்டரைத் திறந்து போடக் கூடாதுங்கறது விதி. பட்டியலைக் காப்பி அடிக்கவும் கூடாது. சொன்னா எனக்கு..."

"எனக்காகப் பேசினீங்களே அண்ணே" என்றாள் அவள். "ஒரு வாய்ப்பு குடுங்கன்னு மேடம்கிட்ட கேட்டீங்களே. தப்பு செஞ்சவளுக்குக் கேக்கற மாதிரி."

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க ஒரு திட்டுக்குப் பயந்தீங்க. நான் இத்தனை நாளா என்னையே நம்பலை. எழுதினேனா, இல்ல எழுதின மாதிரி நினைச்சுக்கிட்டேனான்னு தெரியாம, பைத்தியம் பிடிச்சுடுமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்."

அம்மையார் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "என்னை மன்னிச்சுடும்மா" என்றார், எல்லோர் முன்னாலும். பிறகு தாடிக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க இருங்க, பேசணும்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இருக்கைக்குப் போனாள். இரவல் பட்டியலை அழித்தாள். தன் போல்டரில் புதிதாக பில்டைத் தொடங்கினாள். அது முடிந்து சொந்தப் பட்டியல் வரும்வரை எடிட்டர் அரைச் சொல்லைக்கூட நீட்டாது.

அவள் காத்திருக்கவில்லை. பூட்டு இருந்த பைலைத் தானே தேடித் திறந்து, முகவரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, திருத்தத்தை முதல் எழுத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.