வாசலில் வைத்த சேவல் கறி

“ஐயோ…!”

ஒரே ஒரு அலறல்.

தேயிலைத் தொழிற்சாலையின் அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்டது. இற்றுப்போன பெல்ட் அறுந்து, பெரிய சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மூக்கனைச் சுழற்றி இரும்புத் தூணில் அடித்தது. நெற்றி பிளந்து, சக்கரமெல்லாம் ரத்தம்!

அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஆனால், மூக்கன் கண் விழித்தது கீழ் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள். இடுப்புக்குக் கீழே உடம்பு அவன் சொல் கேட்கவில்லை. சட்டையில் சாராய நாற்றம்… சாராயத்தைத் தொட்டே பார்க்காதவன் சட்டையில்!

குடிவெறியில் கானுக்குள் விழுந்துவிட்டான் என்றார் டீமேக்கர் சோலைமலை. தொழிற்சாலையில் அவர் வைத்ததுதான் சட்டம். பார்த்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இது நடந்தது 1954 ஆடி மழையில், இலங்கை மலைத் தோட்டமொன்றில்.

அப்புறம் மாதக்கணக்கில் மூக்கன், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாகக் கிடந்தான். மனைவி வீரம்மா முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அவன் வாசலைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவனோடு பேசினால் வேலை போகும் என்ற பயம். மூக்கன் சுவரோடு பேசினான். அது பயப்படவில்லை.

கடைசியில் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. வேலை செய்யாதவனுக்குக் காம்பரா கிடையாது… காலி செய்!

அதற்குள் கால்களில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது; கம்பை ஊன்றி றொசல்லையில் ரயிலேறினான். உட்கார்ந்தால் முதுகு கொல்லும். ஹட்டன் வரை நின்றுகொண்டே போய், வழக்குப் பேசும் புரக்டர் செல்வரத்தினத்தின் கதவைத் தட்டினான்.

யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார். வேலையில் அடிபட்டிருந்தால் நஷ்டஈடு உண்டு, குடித்துவிட்டு விழுந்திருந்தால் ஒரு சதமும் இல்லை, ஆகவே சாட்சி வேண்டும் என்றார். சாட்சிக்கு மூக்கன் எங்கே போவான்?

“இவ்வளவு நாளும் ஒருத்தருமே வந்து எட்டிப் பாக்கேல்லையோ?”

மூக்கனின் முகம் மலர்ந்தது.

“ஒரு ஆளு வந்தாங்க அய்யா. அடிபட்ட அடுத்த வெள்ளிக்கெழமை. கதவத் தட்டல… வாசல்ல இலையில சேவல் கறி வச்சிட்டுப் போயிட்டாங்க. அமிர்தமா இருந்திச்சு. யாருன்னு இன்னும் தெரியல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அந்த ஆளக் கேசுல இழுத்துறாதீங்க. வேல போயிரும். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு ஆளுதான்.”

ஆளைத் தேட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த புரக்டர், சேவலைப் பற்றி விசாரித்தார். ரோதமுனிக்கு வெட்டியது, பூசையில் கிடைத்த பங்கை லயத்து ஆள் யாரோ ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றான் மூக்கன். சக்கரத்தில் குடியிருக்கிற சாமி. சக்கரம் ரத்தம் பார்த்துவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையே சேவல் வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சாமி இன்னொரு ஆளைக் கேட்கும்!

“ஆர் வெட்டினது?”

“டீமேக்கர் அய்யாதாங்க.”

செல்வரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பு வந்தது அவருக்கு.

விசாரணை நாள்.

கோட்டு போட்டுக்கொண்டு வந்த சோலைமலை நஷ்டஈட்டு அதிகாரியின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, கூசாமல் பொய் சொன்னார். சேவலா? அது வருஷப் பூசை என்றார்.

புரக்டர் எழுந்தார்.

“நல்லது. அப்ப உங்கட சக்கரம் ரத்தம் பாக்கேல்லை எண்டு… ரோதமுனி மேலை ஒருக்காச் சத்தியம் பண்ணும்.”

சோலைமலை சத்தியத்துக்குக் கையைத் தூக்கினார்.

இறக்கிக்கொண்டார்.

ஹட்டன் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

“நாளைக்கும் நான் அந்தச் சக்கரத்துக்கிட்டதான் சார் நிக்கணும்…”

அவ்வளவுதான். மாற்றாத பெல்ட், ஊற்றிய சாராயம், கானுக்குத் தூக்கிப் போனது… எல்லாம் கொட்டிவிட்டது. நஷ்டஈடு உண்டு என்றார் அதிகாரி.

சோலைமலை இன்னும் நிறுத்தவில்லை. சாமிக்குப் பயந்தவன் வாய் லேசில் மூடுமா?

“பூசையில நான் கொற வைக்கலீங்க. ரத்தம் சிந்துனவனும் பங்கு திங்கணும், அப்பதான் முனி அடங்கும். அதான் நானே கொண்டுபோயி அவன் வாசல்ல வச்சேன்.”

மூக்கன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

முதுகு நொறுங்கியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அவனுக்கென்று இருந்த அந்த ஒரு ஆள்… இல்லவே இல்லை!

வாசற்படியில் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்த புரக்டர், வழக்கை வென்ற பிறகும் ஏன் அழுகிறீர் என்று கேட்டார்.

மூக்கன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பவே தெரிஞ்சிருக்கணுங்க அய்யா. கறியில உப்பே இல்ல, முனிக்குப் படைக்கிற மாதிரி… நம்ம லயத்து ஆளு ஆக்குன கறின்னா அப்படியா இருக்கும்?”