ஓட்டையில்லாத பொத்தான்கள்

காலை ஏழு பத்து. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கணவரின் சட்டையில் இரண்டாவது பொத்தானைக் காணோம்.

ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிறவர் சட்டையில்! வீட்டின் முன்னறைதான் தையற்கடை. இழுப்பறையில் வெள்ளைப் பொத்தான் தீர்ந்திருந்தது. யாரும் கேட்காத பழைய பொத்தான்கள் கிடக்கும் தகர டப்பாவை மேல்தட்டிலிருந்து எடுத்து, கையில் கொஞ்சம் கொட்டினாள். வெள்ளையாக, வட்டமாக ஒன்று. ஊசி நுழையவில்லை. ஓட்டையே இல்லை. திருப்பினாள். நடுவில் ஒரு கோடு.

மாத்திரை.

டப்பாவில் பாதிக்கு மேல் மாத்திரை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை. தினமும் காலையில் அட்டையிலிருந்து பிதுக்கி அவர் உள்ளங்கையில் அவளே வைப்பது. "டீ குடிச்சுட்டுப் போட்டுக்கறேன்" என்று முன்னறைக்குக் கொண்டுபோவார். இரண்டு வருடமாக.

"என்னடி துழாவற? ஒளிச்சு வெச்ச நொறுக்குத்தீனியா?"

வாசற்படியில் நாத்தனார். அவருடைய அக்கா. தன் கணவர் இறந்தபின் இங்கேயே இருப்பவள்.

இரண்டு வருடம் முன்பு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதயத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலமே நாத்தனார் அடுப்படியைப் பிடுங்கிக்கொண்டாள். "எண்ணெயக் கொட்டிக் கொட்டியே என் தம்பி நெஞ்சை அடைச்சுட்டா" என்று தெருவெல்லாம் சொன்னாள். எண்ணெய்ப் புட்டியில் மையால் கோடு போட்டு வைத்தாள், இவள் தொட்டால் தெரியட்டும் என்று. இருபது வருடம் சமைத்த அடுப்படியில் இவளுக்குத் தண்ணீர் மொண்டு குடிக்க மட்டும் உரிமை. அவர் பிழைத்தால் போதும் என்று இவள் பேசாமல் இருந்தாள். அவித்ததை அவரோடு சேர்ந்து தின்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கொழுப்பு இறங்கியிருக்கும். "பாத்தியா என் கைப்பக்குவம்!" என்று நாத்தனார் அந்தக் காகிதத்தை அக்கம்பக்கத்தில் காட்டிவிட்டு வருவாள். போன வாரம் மாடி ஏறும்போது அவருக்கு மறுபடியும் நெஞ்சு இறுகியது.

ஒரு பிடி மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டாள். நீலப் பொத்தான் ஒன்றைச் சட்டையில் வைத்துத் தைத்தாள். அவர் மார்பருகே குனிந்து நூலைப் பல்லால் அறுத்தாள். அவர் டப்பாவைப் பார்த்தார். மூடி திறந்திருந்தது. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நெஞ்சுக்குள் கம்பி விடப் போகிற மனுஷனிடம் சண்டை போடக் கூடாது. அவரே சொல்லட்டும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா அவர் கட்டிலருகே கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வளையங்கள்.

"மணிக்கட்டு வழியா மெல்லிசாக் கம்பி விட்டு, அதோட நுனியில அல்ட்ராசவுண்ட் வெச்சு, ரத்தக்குழாய உள்ளயிருந்தே பாத்தோம். இது ரெண்டு வருஷம் முன்னாடி. இது இன்னிக்கு."

இரண்டாவது வளையத்தின் சுவர் ஒரு பக்கம் பிறைபோலத் தடித்திருந்தது. நடுவில் இருந்த கறுப்பு வழி சுருங்கியிருந்தது.

"கொழுப்புப் படிவு ரெண்டு மடங்கு. குழாய விரிச்சுப் பிடிக்க ஸ்டென்ட் வெச்சுட்டோம், பயமில்ல. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. ரத்தத்துல கெட்ட கொழுப்பு ஒவ்வொரு தடவையும் எழுபதுக்குள்ள இருக்கு. அப்புறம் எப்படி இது இவ்வளவு ஏறும்?"

"எனக்குப் புரியுது டாக்டரம்மா!" நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டாள். "நான் அவிச்சுப் போட்டேன்... இவ எனக்குத் தெரியாமப் பொரிச்சுப் போட்டிருக்கா! கொலகாரி! என் தம்பியத் தின்னுட்டுத்தான் ஓய்வியாடி?"

"இங்க கத்தாதீங்கம்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மேற்கூரையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கைக்குட்டையை அவிழ்த்துப் படுக்கையில் உதறினாள். மாத்திரைகள் சிதறின. இரண்டு அவர் கழுத்தடியில் போய் நின்றன.

"கண்ணைத் தொறங்க! பொத்தான் டப்பாவுல இன்னும் பாதிக்கு மேல இருக்குன்னு சொல்லுங்க உங்க அக்காகிட்ட!"

டாக்டரம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் போட்டீங்களா?"

"ஒரு மாசம்..." என்றார் அவர். "ஒழுங்காப் போடுவேன்."

"ரத்தம் போன மாசக் கதையைத்தான் சொல்லும். குழாய்ச் சுவர் ரெண்டு வருஷத்தையும் வெச்சிருக்கு. ஏன் நிறுத்தினீங்க?"

"தோள்லயிருந்து கை பூரா வலி. கத்திரி பிடிக்க முடியல... துணி வெட்ட முடியாதவன் என்ன தையக்காரன்? சொன்னா கடைய மூடச் சொல்லுவாங்க..."

"சிலருக்கு அப்படி வலிக்கும். சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பேனே."

"கை வலிச்சுது, சரி." அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னக் கொலகாரின்னு சொன்னப்போ வாயுமா வலிச்சுது?"

அவர் கண்ணோரத்தில் வழிந்தது தலையணையில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "புட்டியில கோடு போட்டேனே... பாவி நான்..."

"அழியற மையாப் பாத்துப் போட்டிருக்கலாம் அண்ணி" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் நேரே அடுப்படிக்குப் போனாள். தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் எட்டிப் பார்த்தபோது, நாத்தனார் எண்ணெய்ப் புட்டியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நகத்தடியில் மை.

"போயிடுச்சு, பாரு" என்று புட்டியை நீட்டினாள். அடுப்பு பற்றவைக்கும் லைட்டரையும் சேர்த்து அவள் கையில் திணித்தாள். "என்னை நாலு அறை அறஞ்சுடுடி... பேசாம மட்டும் இருக்காத."

நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் விலக்கவில்லை, அணைக்கவும் இல்லை. தோள் நனைந்தது. கொஞ்சம் கழித்து, "தள்ளுங்க அண்ணி, உலை வைக்கணும்" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பின் புது மாத்திரையோடும் ஒரு தம்ளர் தண்ணீரோடும் முன்னறைக்குப் போனாள். அவர் அதே சட்டையில் இருந்தார். வெள்ளை வரிசையில் ஒரு நீலம். அவர் கையை நீட்டினார். அவள் மாத்திரையை அவர் கையில் தரவில்லை.

"வாயத் தொறங்க."

திறந்தார். நாக்கில் வைத்தாள். தம்ளரை வாங்கித் தண்ணீரோடு விழுங்கினார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். அவள் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏய்... எத்தனை நாளைக்கு இப்படி?"

"ரெண்டு வருஷம்" என்றாள் அவள், திரும்பாமலே.