நூலில் தொங்கிய ராக்கெட்

"நாளைக்கு ஸ்கூல் கண்காட்சியில பாரு, எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க!" என்றான் அண்ணன்.

அவன் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே பேட்டரியும் மோட்டாரும். மோட்டாரின் அச்சில் ஒரு பக்கமாக ஒட்டிய இரும்பு நட்டு. சுவிட்சைத் தட்டினான். பெட்டி டுர்ர்ரென்று உதறிக்கொண்டே மேசைமேல் நகர்ந்தது.

"புகை இல்லாத, நெருப்பு இல்லாத ராக்கெட்! பின்னால எதையும் தள்ளாமலே போகுது. விண்வெளியில இது பாட்டுக்கு வேகம் கூடிக்கிட்டே இருக்கும்!"

ஒன்பது வயதுத் தங்கை சுண்டு யோசித்தாள்.

"சைக்கிள்ல மெதுவாப் போறப்போ வேகத்தைக் கூட்டறது சுலபம். ஏற்கெனவே வேகமாப் போறப்போ இன்னும் கூட்டணும்னா கால் கழண்டுடும். உன் பேட்டரிக்கு மட்டும் கால் வலிக்காதா?"

"பேட்டரிக்கு ஏதுடி காலு?"

"வேகம் ஏற ஏற சக்தி நிறைய வேணுமே. பேட்டரி எப்பவும் ஒரே அளவுதானே குடுக்கும்? மிச்சம் எங்கேருந்து வரும்?"

அண்ணன் பெட்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான்.

"மேசையைத் தொடாமப் போகுதான்னு பாப்போமா?" என்றாள் சுண்டு.

வாசல் நிலையில் நூல் கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் அது நடுங்கியது, ஆடியது. ஆனால் முன்பக்கம் ஒரு விரலளவுகூடச் சாய்ந்து நிற்கவில்லை. அண்ணன் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தான்.

"அப்போ இவ்வளவு நாளும் மேசையைத்தான் தள்ளிக்கிட்டு இருந்திருக்கு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். "கிளாஸ் பூரா சொல்லிட்டேன்டி. மானம் போச்சு."

சுண்டுவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டையும் காட்டு. மேசையில ஓடுது, நூல்ல ஓடல. ஏன்னு பாக்க வர்றவங்களையே கேளு!"

மறுநாள் அண்ணனின் பலகையில் பெரிய எழுத்துகள்: 'இது விண்வெளிக்குப் போகாது. ஏன்?'

கூட்டம் நெருக்கியடித்தது. அறிவியல் ஆசிரியர் குனிந்து, நூலில் தொங்கிய பெட்டியை மெல்ல ஊதிப் பார்த்தார்.

"சார், ஊதினா அழுகுணி ஆட்டம்!" என்று சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அவர் சிரித்தார். "நூல்ல கட்டற யோசனை யாரோடது?"

அண்ணன் கூட்டத்துக்குள் கைவிட்டுச் சுண்டுவை முன்னே இழுத்தான். "இவதான் சார். இவ கேட்ட கேள்வியில ராத்திரி தூக்கமே வரல."

"அப்படி என்னம்மா கேட்ட?"

அண்ணன் சுவிட்சைப் போட்டான். சுண்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு, "எல்லாரும் சைக்கிள் ஓட்டியிருக்கீங்கள்ல?" என்று தொடங்கினாள்.