பஞ்சுக் கிடங்கில் ஒரு காயில்

முத்துப்பேச்சி உட்காரவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாயிற்று, தண்ணீர் கொடுத்தாயிற்று, நின்றபடிதான் பேசினாள்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீசு வருதாம்க்கா. மில்லுல தீப்பிடிச்சதுக்கு என் தம்பிதான் காரணம்னு ஒப்படைக்கப் போறாங்க. அவனும் ஆமாங்கிறான். செய்யாதவன் எதுக்கு ஆமாங்கணும்? அதுதான் எனக்குப் புரியல."

அவள் தம்பி விக்னேஷ்குமார், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீசியன். முந்தாநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த மில்லின் பஞ்சுக் கிடங்கு எரிந்தது. அணைக்க ஓடிய சுமைக்காரர் சூசைமுத்துவின் இரண்டு கைகளும் வெந்துபோய், திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். மறுநாள் சாம்பலை வாரும்போது அதற்குள் ஒரு வேப் கருவி கிடைத்தது. புகைக்கிற மின்கருவி. அது யாருடையது என்று மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

"நாட்டுலயே விக்கக் கூடாதுன்னு தடை போட்ட சாமான்," என்றாள் முத்துப்பேச்சி. "விட்டுட்டேன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுனான்."

நாகல் நகர் மாடி அறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அன்னாள். எரிந்த இடங்களைப் பார்த்து, தீ எப்படிப் பிடித்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்கிற சர்வேயர். மற்றவள் அவளுடைய உதவியாளர் நாகஜோதி. முன்பு ஊர்க்காவல் படையில் இருந்தவள். யாரையாவது பிடித்து வண்டியில் ஏற்றினால்தான் அவளுக்கு வேலை நடந்த மாதிரி இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பத் தயாராகிவிட்டாள்.

"நாளைக்குப் போறதா இருந்த மில்லுதான்," என்றாள் அன்னாள். "இன்னைக்கே போறோம். நீயும் வாம்மா."

வழியெல்லாம் நாகஜோதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்னால் போன மில் பஸ்ஸை முந்த முடியாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். அஞ்சு மணிக்குள் ஒரு மனுஷனைக் காப்பாற்ற வேண்டும், பக்கத்தில் இருக்கிறவளோ ஜன்னல் வழியே முருங்கைத் தோட்டம் பார்த்துக்கொண்டு வருகிறாள். அன்னாளின் நிதானம் நாகஜோதிக்குப் பிடிக்கும். ஆனால் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

கிடங்கில் மேனேஜர் ஞானராஜும் சூப்பர்வைசர் காமராஜும் காத்திருந்தார்கள். ஞானராஜ் வெள்ளைச் சட்டையில் கரி படாமல் வாசலிலேயே நின்றுகொண்டார். காமராஜ் கூடவே உள்ளே வந்தார். கண் சிவந்து, இரண்டு நாளாகத் தூங்காதவர் போல இருந்தார்.

எரிந்த பஞ்சுப் பொதிகள் ஈரச் சாம்பலாகக் குவிந்து கிடந்தன. பொதிகளைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகள் மட்டும் நெளிந்துபோய் மிஞ்சியிருந்தன. நாகஜோதியின் கை சும்மா இருக்குமா? ஒரு பட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அதன் முனை ரம்பம் போலிருந்து விரலைக் கீறிவிட்டது. அதைப் போட்டுவிட்டு, சுவரில் தொங்கிய பெரிய கத்திரியை எடுத்தாள். அதன் நடு ஆணி கழன்று, இரண்டு அலகும் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

"பொதியப் பிரிக்கப் பட்டைய எதால வெட்டுவீங்க?" என்று கேட்டாள் அன்னாள்.

"அந்தக் கத்திரிதான் மேடம்," என்றார் காமராஜ். "நெருப்பு சம்பந்தப்பட்ட எதுவும் இங்க உள்ள வரக்கூடாது. ஒரு தீப்பெட்டி கூட."

ஞானராஜ் ஒரு பாலித்தீன் பையை நீட்டினார். "இது எரிஞ்ச பொதிக்கு நடுவில கிடந்தது. இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்னாள் கருவியை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்புக் கூடு. மேலே உறிஞ்சுகிற கறுப்பு பிளாஸ்டிக் முனை. முனை மழுமழுவென்று புதிது போல இருந்தது. மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே மெல்லிய கம்பியில் சுருள் சுருளாகச் சுற்றிய ஒரு காயில், வெள்ளிபோலப் பளபளத்தது. அதன் துவாரம் வழியாக, புகையாகிற சாற்றை உறிஞ்சிக் கம்பிக்குக் கொடுக்கும் ஒரு பஞ்சுத் திரி. திரியின் இரண்டு முனைகளும் ஊசி மாதிரிக் கூராக இருந்தன.

"அழகாச் சுத்தியிருக்கான்," என்று மட்டும் சொன்னாள்.

விக்னேஷ்குமார் எலெக்ட்ரிக்கல் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏலே, சத்தியம் பண்ணுனியேடா," என்றாள் முத்துப்பேச்சி.

"விட்டுட்டேன்க்கா. தூக்கிப் போடத்தான் மனசு வரல. வீட்டுல நீ பாத்துருவேன்னு இங்க அலமாரியில வச்சேன்."

அவனுக்குப் புகையைவிடக் கைவேலைதான் பைத்தியம் என்பது பேசப் பேசத் தெரிந்தது. கம்பியை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரில் சுற்றி, காயிலாக்கி, இரண்டு திருகாணிக்கு நடுவே பூட்டி, திரி கோப்பான். டீ நேரத்தில் இந்த அறையில்தான். வேடிக்கை பார்க்காத ஆள் கிடையாது. மேனேஜரே நின்று பார்த்திருக்கிறார்.

"காயில் சுத்துன உடனே திரி போட்டுருவியா?" என்று கேட்டாள் அன்னாள்.

"போடக்கூடாதுங்க. முதல்ல வெறுங்கம்பியில கரண்ட்ட விட்டு விட்டுச் செவக்க வைக்கணும். நடுவுல செவந்து ரெண்டு பக்கமும் பரவணும். ஓரம் முதல்ல செவந்தா நகத்தால நீவி விடணும். அதுல கம்பி கருத்துப்போகும். அப்புறந்தான் பஞ்சு."

"என்ன பஞ்சு? மில்லுல இல்லாத பஞ்சா?"

இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "மில் பஞ்சு ஆகாதுங்க. மருந்துக் கடைப் பஞ்சுதான் வாங்குவேன். தீந்துபோச்சு. காயிலையும் அப்பவே கழட்டிட்டேன். வெறும் கூடும் பேட்டரியும் கம்பி உருண்டையும்தான் பெட்டியில கிடந்துச்சு."

நாகஜோதி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். இரும்பு அறுக்கிற கட்டிங் மெஷினைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"போன வாரந்தான் புதுச் சக்கரம் மாட்டுனேன்," என்றான் விக்னேஷ்குமார். "அதுக்குள்ள இம்புட்டுத் தேஞ்சிருக்கு. யாரு எடுத்தாங்களோ. அலமாரிக்குப் பூட்டு கிடையாது."

"அப்ப பெட்டிய யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்ல?" என்றாள் நாகஜோதி. "பெறகு எதுக்குடா ஒத்துக்கிற?"

"யார் எடுத்தா என்னங்க? பஞ்சு மில்லுக்குள்ள அதக் கொண்டுவந்தது நாந்தானே. சூசைமுத்து அண்ணன் கை வெந்ததுக்கு யாராவது ஆமான்னு சொல்லணும்ல."

நாகஜோதி கட்டிங் மெஷினைக் கீழே வைத்தாள். அன்னாளை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, அந்த மேனேஜர்தான். பொதி எரிஞ்சா இன்சூரன்ஸ் வரும். இவன் தலையில கட்டிட்டு ஆளு தப்பிச்சுக்கிடுவாரு. மணியப் பாருங்க."

"செத்த நேரம் பொறு ஜோதி. உன் கை இன்னைக்கு எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருச்சு. கண்ணுதான் பாக்கல."

மேனேஜர் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஞானராஜ் போலீசைச் சீக்கிரம் வரச் சொல்ல போனுக்குக் கையை நீட்டியபோது, அன்னாள் மேசை மேல் அந்தக் காயிலையும் ஒரு கொத்து மில் பஞ்சையும் வைத்தாள். அதில் இருந்த பழைய திரியை உருவித் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

"எனக்கு இது புரியல. இந்தத் துவாரத்துல பஞ்சை எப்படிக் கோக்கிறது? ஆளுக்கு ஒரு தடவ காட்டுங்க."

ஞானராஜ் எரிச்சலோடு ஒரு பிய்ப்புப் பஞ்சை எடுத்துக் குத்தினார். அது துவாரத்தில் நுழையாமல் வாயிலேயே கட்டிக்கொண்டது. விக்னேஷ்குமார் பஞ்சைச் சீவினது போல் நீளவாக்கில் இழுத்துவிட்டு, முனையை மட்டும் நறுக்கி, தளர்வாக உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் உப்பலாகப் பரப்பினான். "இறுக்கமா இருந்தா சாறு ஏறாதுங்க," என்றான், கேட்காமலே.

காமராஜ் கடைசியாக வந்தார். விரலை நாக்கில் தொட்டார். பஞ்சு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சுழல் சுழன்று, கூரான முனையோடு துவாரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

அன்னாள் பழைய திரியை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே முறுக்கு, ஒரே கூர்.

"சூப்பர்வைசர் ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க அண்ணாச்சி?"

"நூல் நூக்கிற ரிங் பிரேம் மெஷினுல," என்றார் காமராஜ். "அறுந்த நூலப் பிணைக்கிற வேலை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசையைப் பார்த்தார். அவர் கை தானாகப் பின்னால் போயிற்று.

நாகஜோதி எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"பொதிகளோட நடுவுல கிடந்த சாமான்," என்றாள் அன்னாள் ஞானராஜைப் பார்த்து. "இரும்புப் பட்டையே நெளிஞ்சுபோயிருக்கு, இந்த பிளாஸ்டிக் முனை இளகக்கூட இல்லை. கம்பி ஒரு தடவகூடச் சூடேறாமப் பளபளன்னு இருக்கு. அப்ப இது தீ அணைஞ்ச பிறகு சாம்பலுக்குள்ள வச்சது. வெறுங்கூடா வச்சா யாரும் நம்பமாட்டாங்கன்னு, பெட்டியில இருந்த கம்பியில காயில் சுத்தி, கைக்குக் கிடைச்ச பஞ்சைக் கோத்திருக்காங்க."

பழைய திரியை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டாள். அது மேலேயே மிதந்தது. "மில் பஞ்சுல இயற்கையா இருக்கிற மெழுகு போகல. தண்ணியும் ஏறாது, சாறும் ஏறாது. இந்தப் பழக்கம் உள்ள எவனும் இதைப் போடமாட்டான். பஞ்சோடயே பொழைக்கிற, ஆனா புகைக்காத ஆளு போட்டது. பஞ்சக் கண்டா முறுக்காம இருக்க முடியாத கை."

"தீ?" என்றார் ஞானராஜ். குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

"கத்திரி ஆணி கழண்டு கிடக்கு. பட்டை முனையெல்லாம் பிசிறு. ஜோதி விரலக் கேளுங்க. கத்திரி வெட்டுனா அப்படி வராது. கட்டிங் மெஷின் சக்கரம் தேஞ்சிருக்கு. அது இருந்த அதே அலமாரியிலதான் அந்தப் பெட்டியும். பொதி மேல வச்சு இரும்ப அறுத்தா பொறி எங்க விழும்?"

வெளியே ஷிப்டு முடிந்தவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கத்திரியச் சரி பண்ணித் தாங்கன்னு எத்தன தடவ கேட்டேன்," என்றார் காமராஜ், மேனேஜர் பக்கம் திரும்பாமலே. "அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல ஆளும் இல்ல, அடுத்த ஷிப்டுக்குப் பஞ்சு பத்தாது. ஒரு நாலு பட்டைதானேன்னு நெனச்சேன். புகை வரவும் மெஷினத் தூக்கிட்டு வெளிய ஓடிட்டேன். சூசைமுத்து நான் உள்ள இருக்கேன்னு நெனச்சுத்தான் பொதியப் புரட்டுனான். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆளைப் பிடிக்கக் காலையிலிருந்து பரபரத்த நாகஜோதியின் கை இப்போது எழவில்லை.

"நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில நாந்தான் அவனுக்குச் சோறு ஊட்டுனேன்," என்றார் காமராஜ். "ஒவ்வொரு வாய்க்கும் இந்தப் பயலத் திட்டுனான். நானும் சேந்து திட்டுனேன்."

விக்னேஷ்குமார் எழுந்தான். முத்துப்பேச்சி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அடித்துவிடுவானோ என்று. அவன் அடிக்கவில்லை. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை.

"அண்ணே, போலீசு வரட்டும். அதுக்கு முன்னாடி நாம ஆஸ்பத்திரிக்குப் போவோம். எம்மேல தப்புன்னு நெனச்சு அவர் சாப்பிடுற சோத்த, நீங்களே போய் உண்மையச் சொல்லிட்டு ஊட்டுங்க."

காமராஜ் அன்னாளைப் பார்த்தார். அன்னாள் நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி கதவைத் திறந்துவிட்டு, வண்டியை எடுக்கப் போனாள்.

இந்தத் தடவை அவள் ஹாரன் அடிக்கவில்லை. பின்னிருக்கையில் காமராஜ் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். திண்டுக்கல் நெருங்க நெருங்க, "கொஞ்சம் மெதுவாப் போம்மா" என்று அவர் கெஞ்சினார். நாகஜோதி வேகத்தைக் குறைக்கவில்லை.